வித்தியாசத்துடன் நேரில் வரவும்

விலை வித்தியாசத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வரச் சொல்வார்கள் என்று டீச்சர் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. 'தங்கள் வசம் உள்ள விலை வித்தியாசத்துடன் வாரியத்தின் முன் நேரில் வரவும். தவறினால் தங்கள் வங்கிக் கணக்கின் முடக்கம் நிரந்தரமாக்கப்படும்.' கீழே ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து, முதல் கையெழுத்து உண்மையானதுதான் என்று சான்று சொன்னது.

மாமியார் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு உள்ளே போய், துணிக்கடையில் கொடுத்த பெரிய பை ஒன்றை உதறிக்கொண்டு வந்தாள்.

"இது போதுமா பாரு. இல்ல, சாக்கு வேணுமா?"

மாமியார் கிண்டலாகப் பேசுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று கல்யாணமான நாளிலிருந்தே டீச்சரால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பயிற்சி நிலையத்தின் சின்னக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு காலை முதல் மாலைவரை ஊரைச் சுற்றுவாள். "உனக்கு எதுக்குத் தனியா ஒரு பிரேக்கு? நீ ஒரு பார்வை பார்த்தாலே வண்டி நின்னுடுமே" என்று கல்யாணமான புதிதில் கணவன் கேலி செய்வான். அவனும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான்.

அந்தக் கணவன் இப்போது கடல் தாண்டி இருந்தான். ஏசி மெக்கானிக். போனதோ குளிர் நாடு. குளிர் நாட்டில் ஏசி மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று மாமியார் கேட்காத நாள் கிடையாது. அங்கே மீன் கிடங்குகள் இருக்கின்றன, மருந்துக் கிடங்குகள் இருக்கின்றன, உள்ளே வெளியைவிடக் குளிராக இருக்க வேண்டும் என்று எத்தனை விளக்கினாலும், "ஜன்னலைத் திறந்து வெச்சா ஆச்சு. இதுக்கு எம் புள்ள எதுக்கு?" என்பாள். ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டுப் போனவன். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் திரும்பி வந்து, வீட்டுக்குக் கீழே காலியாகக் கிடக்கும் அறையில் சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை போடுவதாகத் திட்டம். ஒரு வருஷம் இரண்டாகி, இரண்டு நாலாகிவிட்டது. பணம் சேரச் சேர சாமான் விலையும் ஏறியதால், கடை எப்போதும் கைக்கு ஒரு முழம் தள்ளியே நின்றது.

அந்த ஒரு முழத்தைக் குறைக்க வழி சொன்னவன் டீச்சரின் தம்பி. செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் தக்காளியை வைத்து விளக்கக்கூடியவன்.

"அக்கா, கிரிப்டோ நாணயம்னா பயப்படாத. தக்காளின்னு வெச்சுக்க. மாமா இருக்கற நாட்டுல தக்காளி நூறு. இங்க அதே தக்காளி நூத்திப் பதினாலு. மாமா சம்பளம் வாங்கினதும் அங்க தக்காளி வாங்கி உன் போனுக்கு அனுப்புவாரு. நீ இங்க வித்துடு. இந்தத் தக்காளி அழுகாது, லாரி வேண்டாம், ரெண்டு நிமிஷத்துல வந்து சேந்துடும்."

இங்கே மட்டும் ஏன் விலை கூட என்று டீச்சர் கேட்டாள். வெளியிலிருந்து நாணயம் வருவதை வாரியம் தடுத்து வைத்திருக்கிறது, கிடைக்காத சாமானுக்கு விலை ஏறத்தானே செய்யும் என்றான் தம்பி. அப்படியானால் வாரியம் எதற்கு இருக்கிறது என்றாள். விலை ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கு என்றான். டீச்சர் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

அன்று முதல் அவன் அங்கே வாங்கி அனுப்ப, அவள் இங்கே விற்றாள். பெரும்பாலும் காரில் உட்கார்ந்தபடியே விற்றாள். ஒரு நாள் விலை உச்சத்தில் நின்றபோது, ஓட்டப் பழக வந்த பல் டாக்டர் ரவுண்டானாவை ஏழெட்டுத் தடவை சுற்றினார். எந்தத் தெருவில் திரும்புவது என்று டீச்சர் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தைரியமில்லை. அந்த மாதிரி நாட்களில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் போனில் பேசித் தீர்ப்பார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ, நாளைக்கு ஏறுமோ, பாதியை வைத்துப் பார்க்கலாமோ என்று பேச்சு நீளும். வருஷக் கடைசியில் வந்துவிடுகிறேன் என்று அவன் சொன்னான். மாமியார் கீழறையை ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டாள். கழுவிய தரை காய்வதற்குள் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது.

வாரியத்தின் முழுப் பெயர் 'நாடுகளிடை நாணய விலை வேற்றுமை நீக்க வாரியம்'. பெயர்ப் பலகை கட்டடத்தின் முகப்பில் தொடங்கிப் பக்கத்துத் தெருவில் போய் முடிந்தது. உள்ளே கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. இடப்பக்கம் வெளிநாட்டு விலை, வலப்பக்கம் உள்நாட்டு விலை, நடுவில் சிவப்பு எண்களில் வித்தியாசம். வேலைக்கு வருகிற ஊழியர்கள் எல்லோரும் முதலில் அந்தத் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகம் மலர்ந்தோ வாடியோ மாடிக்குப் போனார்கள். காரணத்தைக் காவலாளி சொன்னான். வித்தியாசம் கூடக்கூட ஊழியர்களுக்கு வேலைப்பளு கூடுகிறது, அதனால் அதே விகிதத்தில் சம்பளத்தோடு வித்தியாசப்படி என்று ஒன்று கொடுக்கிறார்கள்.

"இன்னிக்கு பதினாலரை மேடம். நல்ல நாள்ல வந்திருக்கீங்க. எல்லாரும் நல்லபடியா பேசுவாங்க," என்றவன், "எடுத்துட்டு வந்தீங்களா?" என்றான்.

"எதை?"

"வித்தியாசத்தை."

அது எடுத்து வருகிற பொருள் இல்லை, கணக்கில் இருக்கிறது, அந்தக் கணக்கைத்தான் நீங்களே முடக்கி வைத்திருக்கிறீர்களே என்று டீச்சர் பொறுமையாகச் சொன்னாள். முதல் தடவை கிளச்சை மிதிப்பவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள். காவலாளி தலையாட்டிக்கொண்டே, வருகைப் பதிவில் 'வெறுங்கையுடன் வந்தார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் மாடியில் குடும்பப் பிரிவு. அங்கே இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். குடும்பத்துக்குள் பணம் அனுப்பினால் அதில் லாபம் வராது, லாபம் வந்திருக்கிறது, ஆகவே இது குடும்பம் இல்லை, வணிகப் பிரிவுக்குப் போங்கள் என்றார். ஐந்தாம் மாடியில் வணிகப் பிரிவுக்காரர் அதைவிட வருத்தப்பட்டார். வணிகர் என்றால் அனுமதி எண் இருக்கும். உங்களிடம் இருப்பது கணவன். கணவனை வைத்துக்கொண்டு வணிகப் பிரிவில் என்ன செய்வது என்று அவரே டீச்சரைக் கேட்டார். கடைசியில் இரண்டு பேரும் போனில் கலந்து பேசி, ஏழாம் மாடியில் உள்ள உறவு நிர்ணயப் பிரிவுக்கு அவளை அனுப்பினார்கள். கணவன் மனைவியா, வணிகக் கூட்டாளிகளா என்பதை அங்கேதான் முடிவு செய்வார்களாம். கூட்டாளிகள் என்றால் அபராதமோ அனுமதியோ கிடைக்கும், குடும்பம் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். எது என்று தெரியும்வரை கணக்கு திறக்காது. கணக்கு திறக்கும்வரை கடை கிடையாது. கடை இல்லாமல் அவன் வரமாட்டான். படியேறும்போது டீச்சர் இதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

உறவு நிர்ணய அதிகாரி மெதுவாகப் பேசுகிற மனிதர். மேசையில் ஒரு பூச்செண்டும் மூக்குக் கண்ணாடியும் இருந்தன. அவர் முன்னால் ஒரு கட்டுக் காகிதம். டீச்சரும் அவள் கணவனும் போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்திகள் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன. விசாரணைக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது டீச்சர்தான் கொடுத்திருந்தாள். மறைக்க என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

"'சாப்ட்டாச்சா'ன்னு அனுப்பியிருக்கீங்க. இதுக்கு என்ன அர்த்தம்?"

"சாப்ட்டாச்சான்னுதான் அர்த்தம் சார்."

அதிகாரி புன்னகை செய்தார். இதே பதிலை எத்தனையோ பேர் வாயால் கேட்டவரின் புன்னகை.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் தங்கச்சிக்கு 'காய்ச்சல் எப்படி இருக்கு'ன்னு அனுப்பியிருந்தாரு. ஆள் விட்டு விசாரிச்சோம். தங்கச்சிக்குக் காய்ச்சலே இல்ல."

"சரியாப் போயிருக்கும் சார்."

"அவங்களும் அதையேதான் சொன்னாங்க. எப்படி ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க?" என்று கேட்டு, அதையும் குறித்துக்கொண்டார். "போகட்டும். 'ரொம்பக் குளிருது'ன்னு உங்க வீட்டுக்காரர் அனுப்பின அன்னிக்கு விலை இறங்கியிருக்கு."

"அது குளிர் நாடு சார்."

"சரி. 'உன் ஞாபகமாவே இருக்கு'ன்னு ஒண்ணு இருக்கே. இது எந்த நாணயம்? எங்க பட்டியல்ல இல்ல."

டீச்சரின் வலது கால் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக்கை மிதிப்பது அவள் பழக்கம். எதிரே இருப்பவர் தறிகெட்டு ஓட்டும்போதெல்லாம் கால் தானாக அழுந்திவிடும். அது நாணயம் இல்லை சார், நான்தான் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் அதையும் எழுதிக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.

இதுவரை நடந்தது எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்கக்கூடியதுதான். மாமியார் முன்னால் எப்படி நடித்துக் காட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அப்போது அதிகாரி பக்கத்து மேசையில் இருந்த வரைபடக்காரியை அழைத்தார். சின்னப் பெண். குரல் உயர்த்தாமல், நோயாளியிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"மேல போற கோடு விலை வித்தியாசம் மேடம். கீழ இருக்கறது நீங்க ரெண்டு பேரும் அன்னன்னிக்குப் பேசின நேரம்."

இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு ஏறின, கைகோத்துக்கொண்டு இறங்கின. ஒரு கோட்டைப் பார்த்து இன்னொன்றை வரைந்ததுபோல் இருந்தது.

"வித்தியாசம் குறைஞ்ச நாள்ல 'ம்'னு மட்டும் போயிருக்கு. சில நாள் அதுவும் இல்ல. குடும்பம்னா கோடு இப்படி இருக்காதுன்னு எங்க அளவுகோல் சொல்லுது. அதான் சந்தேகம்."

டீச்சர் அந்தக் காகிதத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள், "இதெல்லாம் நாங்க இந்த வியாபாரம் ஆரம்பிச்ச பின்னாடிதானே? அதுக்கு முந்தி மூணு வருஷம் நாங்க பேசலையா? அதை வரையலையா?"

"அதுல விலையே இல்ல மேடம். அதனால எடுக்கல," என்றாள் வரைபடக்காரி.

வீட்டுக்கு வந்து டீச்சர் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். பூச்செண்டு, மூக்குக் கண்ணாடி, தங்கச்சியின் காய்ச்சல். மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த இரண்டு கோடுகளைப் பற்றி மட்டும் டீச்சர் மூச்சு விடவில்லை.

வாரியத்தில் விலை ஒற்றுமை நாள் என்று ஒன்று கொண்டாடினார்கள். கூடம் நிறைய ஆள் வேண்டும் என்பதால், விசாரணையில் இருக்கும் அத்தனை பேரும் வந்து உட்கார வேண்டும் என்று உத்தரவு. வராதவர்களின் மனு கட்டின் அடியில் போகும் என்று காவலாளி அன்போடு எச்சரித்திருந்தான். டீச்சர் இரண்டு பயிற்சி வகுப்புகளைத் தள்ளிப்போட்டுவிட்டு, நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாரியத் தலைவர் மேடையேறினார்.

"இந்த வாரியத்தை நாங்கள் தொடங்கியபோது, விலை வித்தியாசம் நூற்றுக்கு வெறும் இரண்டு. அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பி, நாலு பேர், ஒரு மேசை, ஒரு மின்விசிறி என்று இறங்கினோம். ஊரே சிரித்தது. நாங்கள் தளரவில்லை. தடை மேல் தடை போட்டோம். இன்று வித்தியாசம் பதினைந்தைத் தொடப்போகிறது. ஒன்பது மாடி, ஆயிரத்து இருநூறு ஊழியர்கள்."

கைதட்டல் அடங்கக் காத்திருந்துவிட்டு அவர் தொடர்ந்தார்.

"வித்தியாசம் அறவே ஒழியும் நாள் ஒன்று வரும். அந்த நாளில் இந்த ஆயிரத்து இருநூறு வீடுகளில் அடுப்பு எப்படி எரியும் என்று யோசிக்காத தலைவன் அல்ல நான். ஆகவே அந்த நாள் அவசரப்பட்டு வந்துவிடாதபடி எல்லா முன்னெச்சரிக்கைகளும் எடுக்கப்பட்டுள்ளன. என் சொந்த வாழ்க்கையும் திறந்த புத்தகம்தான். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவன் அனுப்புகிற நாணயத்தை இந்தக் கையால் நான் தொட்டதில்லை. அதையெல்லாம் என் மனைவி பார்த்துக்கொள்கிறாள்."

டீச்சருக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உருகிப்போய்விட்டார் என்று நினைத்தாள். மின்விசிறித் தூசியாம். அவர் மகள் அனுப்பியதும் முடங்கித்தான் கிடந்தது. விழா முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு பேனா கொடுத்தார்கள்.

அடுத்த உத்தரவு ஒரு வாரத்தில் வந்தது. உறவை நேரில் பார்த்துத்தான் நிர்ணயிக்க முடியும், ஆகவே இருவரும் சேர்ந்து வரவும் என்றது. அதைச் சொல்ல டீச்சர் கணவனைக் கூப்பிட்டாள். அன்று சொல்வதற்கு விலை எதுவும் இல்லை.

"இங்க மழை," என்றான் அவன்.

"ஓ."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. பக்கத்துலதான் இருக்காங்க, குடுக்கவா?"

"அப்புறம் பேசறேன். நீ சொல்லு."

உத்தரவை வாசித்துக் காட்டினாள். லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றான் அவன். மூன்றாம் நாள் லீவு கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. நாலு வருஷமாக அம்மாவும் மனைவியும் கூப்பிட்டு நடக்காததை வாரியம் ஒரே காகிதத்தில் நடத்திவிட்டது. அன்று ஒரு நாள் மட்டும் டீச்சர் அந்த வாரியத்தை மனதார வாழ்த்தினாள்.

அவன் வந்தான். கொஞ்சம் பெருத்திருந்தான், முன்நெற்றி ஏறியிருந்தது. மாமியார் வாசலில் வைத்தே அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்து, "அந்த ஊர்க் குளிரெல்லாம் உன்னால வந்ததாடா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் தேநீர் போட்டு, வழக்கம்போல் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். அவன் சர்க்கரையை விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. ஆசையாகப் போட்டுக் கொடுக்கிறாள், கெடுப்பானேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தான். அவளுக்கோ அவன் போன பிறகு தனியாகப் படுக்கப் பயந்து விளக்கை எரியவிட்டுத் தூங்கிப் பழகிவிட்டது. விளக்கு எரிந்தால் அவனுக்குத் தூக்கம் வராதே என்று அணைத்துவிட்டு, இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். புதிதாகக் கல்யாணமானவர்கள்போல் இருவரும் ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார்கள். பகலெல்லாம் அவன் கீழறையில் நின்று, எந்தச் சுவரில் அலமாரி அடிக்கலாம் என்று சாண் போட்டு அளந்தான்.

நிர்ணய நாளில் இருவரையும் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். உங்கள் கணவர் தேநீரில் எத்தனை கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வார்? இரண்டு என்றாள் டீச்சர், பெருமையாக. பக்கத்து அறையில் அவன் உண்மையைச் சொன்னான். உங்கள் மனைவி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவாரா? ஆமாம் என்றான் அவன். விசாரணையில் பொய் சொல்லக்கூடாதே என்று அவள் இல்லை என்றாள். அவனுக்குப் பிடித்த நிறம், அவளுக்கு ஆகாத சாப்பாடு, கடைசியாக எதற்குச் சண்டை போட்டார்கள், ஒன்றிலும் ஒட்டவில்லை. பிறகு நாணயத்தைப் பற்றிக் கேட்டார்கள். என்று வாங்கினீர்கள், என்ன விலை, என்று விற்றீர்கள், எவ்வளவு மிஞ்சியது. இரண்டு அறைகளிலிருந்தும் பதில்கள் அச்சுப் பிசகாமல் வந்தன. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்கள்கூடப் பொருந்தின.

மதியத்துக்கு மேல் இருவரையும் அதிகாரி தன் அறைக்கு அழைத்தார். எழுந்து நின்று வரவேற்றார்.

"சந்தோஷமான செய்தி. நீங்க ரெண்டு பேரும் கணவன் மனைவி இல்லைன்னு முடிவாயிருக்கு. நேர்மையான வணிகக் கூட்டாளிகள். இவ்வளவு சுத்தமா பதில் சொன்னவங்களை நான் பார்த்ததில்ல. முடக்கத்தை இன்னிக்கே எடுத்துடறோம், அனுமதியும் தர்றோம். இனிமே லாபத்துல பாதி வாரியத்துக்கு. நிபந்தனை ஒண்ணுதான். வணிகம் ரெண்டு நாட்டுக்கு நடுவுல நடக்கறதால, கூட்டாளிகள் ரெண்டு நாட்டுல இருக்கணும்."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"நாங்க புருஷன் பெண்டாட்டி சார். இவரு கடை வெக்கறதுக்காகத்தான் அந்தப் பணமே."

"இருக்கலாம்மா. அப்படின்னா மேல்முறையீடு பண்ணுங்க. ஒரு வருஷம் ஒரே வீட்டுல இருந்து காட்டணும். வாரா வாரம் எங்க ஆய்வாளர் வந்து, நீங்க என்ன பேசிக்கறீங்கன்னு உக்காந்து கேட்பாரு. குடும்பம்னு அவருக்குத் திருப்தி ஆகணும். அதுவரைக்கும் பணம் முடக்கத்துலதான் இருக்கும்."

"திருப்தி ஆச்சுன்னா குடுத்துருவீங்களா?"

"பரிசீலிப்போம்."

இரண்டு காகிதங்களை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அனுமதி, ஒன்று மேல்முறையீடு. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் காகிதங்களைப் பார்த்தான். அனுமதியைப் பார்த்தான், மேல்முறையீட்டைப் பார்த்தான், மறுபடியும் அனுமதியைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். கையில் பைசா இல்லாத ஒரு வருஷம், தினமும் சண்டை போட்டுக்கொண்டாவது ஒரே வீட்டில் ஒரு வருஷம் என்று அவன் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தாள். அவன் நிமிர்ந்தான்.

"அந்த ஒரு வருஷம் நான் என்ன வேலை பாக்கறது?"

நியாயமான கேள்விதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதுவும் அவன் அந்தக் கேள்வியை அதிகாரியிடம் கேட்டான், அவளிடம் கேட்கவில்லை. லீவு முடிய இன்னும் எத்தனை நாள் என்று அவன் மனதுக்குள் எண்ணுவதை அவன் முகத்தில் அவளால் படிக்க முடிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்களின் முகத்தைப் பக்கத்தில் இருந்து படிப்பது அவள் தொழில். எந்தப் பக்கம் திரும்ப நினைக்கிறார்கள் என்று அவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவன் வாயால் சொல்லும் கஷ்டத்தை அவனுக்கு வைக்க வேண்டாம் என்று, பேனாவை எடுத்து அனுமதிக் காகிதத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு வருஷம்தான் டீச்சர்," என்றான் அவன். குரலில் இருந்த நிம்மதியை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை.

அதிகாரி மகிழ்ந்துபோனார். வாரியத்தின் வெற்றிக் கதைகள் என்று கூடத்தில் ஒரு சுவர் இருக்கிறதாம், அதற்கு ஒரு படம் வேண்டுமாம். கூட்டாளிகளாகக் கை குலுக்கச் சொன்னார்கள். அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் குளிரில் வெடித்து ஆறிய தழும்புகள். அவன் வந்து இத்தனை நாளில் அவள் அதைக் கவனிக்கவில்லை. எப்போது வந்தது, வலித்ததா என்று கேட்க வாயெடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றான் படம் எடுப்பவன். "ரெண்டு நாடுன்னு தெரியணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவன் உட்கார்ந்தான். மாமியாரிடம் யார் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. நாலைந்து நிறுத்தங்கள் போயின. ஒரு கடைவீதி வந்தது, போனது. அவன் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான்.

"பதினஞ்சரை," என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல்.

டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"அங்க என்ன விலை?"

அவன் சொன்னான். அப்படியானால் இன்னும் ஏறும் என்றாள் அவள். ஏறாது, வாரக் கடைசியில் இறங்கும் என்றான் அவன். வாரியத்துக்குப் பாதி போனாலும் மாதத்துக்கு இவ்வளவு நிற்கும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினான். இரண்டாக உடைத்து அனுப்பினால் நல்லது என்றாள். அது ஏன் என்று அவன் கேட்க, அவள் விளக்க, அவன் மறுக்க, ஒரு கட்டத்தில் இருவரும் சிரித்துவிட்டார்கள். வீட்டு நிறுத்தம் வரும்வரை பேச்சு ஓயவில்லை. அவன் ஊருக்கு வந்ததிலிருந்து அவர்கள் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டது அன்றுதான்.

முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் திரும்பி அவர்கள் இருவரையும் பார்த்தாள். கொடுத்துவைத்தவர்கள் என்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, தன் கணவன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.